டேப் வைத்து வெட்டிய நாவல்

என் தம்பிக்கு மாணவர்கள் வைத்த பெயர் "அப்புறம் சார்". கதையைச் சுவையான இடத்தில் நிறுத்திவிட்டு அவன் பாட்டுக்குக் கரும்பலகையைத் துடைப்பான், பிள்ளைகள் "அப்புறம், சார்?" என்று கத்துவார்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். நான் எட்டாவதோடு நின்று தையல் கடை வைத்தவள்.

போன வருடம் அவன் வகுப்புக்கு நூறு வருடத்துப் பழைய நாவல் ஒன்றைப் பாடமாக வைத்தான். பிள்ளைகள் அதைத் தொடவே இல்லை. கைடில் இருந்த இரண்டு பக்கச் சுருக்கத்தை மனப்பாடம் செய்தார்கள். தலைமையாசிரியை சொல்லிவிட்டார்: "இவ்வளவு தடிப் புத்தகத்தை இப்போ யார் சார் படிக்கிறாங்க? இந்தப் பருவம் பாப்போம். இல்லேன்னா சுருக்கமே போதும்." தம்பிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் தன் சொந்தப் பிரதியைக் கொண்டுவந்து என் வெட்டு மேசைமேல் வைத்தான்.

"அக்கா, இதை ஒன்பது துண்டாக்கித் தைச்சுக் குடு. தடிமனைப் பாத்துத்தான் பயப்படுறாங்க. ஒருத்தர் படிச்சு அடுத்தவங்களுக்குக் குடுக்கட்டும்."

"ஏன்டா, நல்லாத்தான் இருக்கியா?" என்றேன். பக்க முனையை மடித்ததற்காக என்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவன் இவன்.

இன்ச் டேப் வைத்து ஒன்பதையும் ஒரே கனமாக வெட்டினேன். பிசிறில்லாமல் தைத்து, பழைய காலண்டர் தாளில் அட்டையும் போட்டேன். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அத்தியாயம் முடியற இடத்துல வெட்ட வேண்டாமா? நாலாவதைப் பாரு. பிடிக்காத கல்யாணத்தைப் பேசி முடிச்ச அப்பா முன்னாடி கதாநாயகி வந்து நிக்கிறா. அதோட அறுத்துட்டியே!"

"நீ சொல்லலையே. எனக்குத் தெரிஞ்சது டேப்புதான்."

வெட்டியது வெட்டியதுதான். அப்படியே கொண்டுபோனான்.

சில வாரத்தில் வகுப்பே அமளியாகிவிட்டது. ஐந்தாவது துண்டு வைத்திருந்த பையன் பின்னால் ஒரு கூட்டம்.

"அப்பாகிட்ட சொன்னாளா இல்லையா, அதை மட்டும் சொல்லித் தொலைடா!"

"சொல்ல மாட்டேன், போடி."

"எங்க வீட்டுலயும் இதேதான் நடக்குது" என்று ஒரு பெண் மெல்லச் சொன்னாளாம். கணக்கு வகுப்பில் நாலாவது துண்டுக்காக இரண்டு பேர் சண்டை போட, தலைமையாசிரியை அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார். நாவல் கதை முடிந்தது என்றுதான் போனான்.

அவர் துண்டை மேசைமேல் வைத்தார். "எந்தப் புண்ணியவான் சார் இந்த இடத்துல வெட்டினது?"

"எங்க அக்கா, மேடம்."

"முதல் மூணையும் குடுங்க. அதுக்கு முன்னாடி அஞ்சாவதைக் குடுங்க." நாலாவதைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த வருஷமும் இது இருக்கட்டும்."

இந்த வருடம் இன்னொரு பிரதியோடு வந்திருக்கிறான். அத்தியாயங்களைப் பென்சிலால் குறித்துத் தரச் சொன்னேன்.

"வேண்டாங்க்கா," என்றான். "டேப்பை எடு."