கால் பட்ட இடம்

போன சனிக்கிழமை இங்கே சுவிஸில், ஊஸ்டரில் பேத்தியின் டேக்வாண்டோப் போட்டி. இப்போதெல்லாம் மார்புக் கவசத்துக்குள்ளே மின்சாரம். கால் சரியாகப் பட்டால் அதுவே கீச்சென்று கத்திப் புள்ளி போட்டுவிடுகிறது. எனக்குப் பக்கத்தில் யாரோ பிள்ளையின் தொடைக்குத் தைலம் தேய்த்தார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் பேர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸுக்குப் போய்விட்டேன், சியோல் ஒலிம்பிக்குக்கு முந்திய வருடத்துக்கு.

அப்போது எனக்கும் யோகனுக்கும் ஒரே அறை, ஒரே உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை, ஒரே பயம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். தபால்காரன் வந்தால் பெட்டியைத் திறக்க ஆளையாள் பிடித்துத் தள்ளுவோம். அந்தப் பயத்தை மறக்கத்தான் வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூட ஜிம்முக்குப் போய்க் கால் தூக்கினோம், இரவில் இதே தைலத்தைத் தேய்த்தோம். கட்டளை கொரிய மொழியில், திட்டு சுவிஸ் ஜெர்மனில், நோவு மட்டும் தமிழில். எனக்கு இடுப்புக்கு மேலே கால் போனால் நானே விழுந்துவிடுவேன். யோகனின் கால் எழும்புவது கண்ணுக்கே தெரியாது, படுகிற சத்தம்தான் கேட்கும்.

ஆனால் அவனுக்கு ஒரு வியாதி. உதைத்த கையோடு குனிந்து, கால் பட்ட இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். ஆர்மீதாவது கால் பட்டால் ஊரில் நாங்கள் எல்லோரும் செய்வதுதானே. நான் எப்படியோ அதை விட்டுவிட்டேன், அவனால் முடியவில்லை. எங்கள் பயிற்றுநர், கொரியாவில் படித்துவிட்டு வந்த சுவிஸ்காரர், தலையில் அடித்துக்கொள்வார். டேக்வாண்டோவை ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாகச் சேர்த்துவிட்டார்கள், இனிப் புள்ளிதான் பேசும், வணக்கம் தொடக்கத்திலும் முடிவிலும் போதும் என்பார். யோகன் "யா, யா" என்பான். கை கேட்காது.

"கால் பட்டிட்டுது மச்சான், பேசாமல் நிக்க ஏலுமே?" என்பான் என்னிடம்.

எங்கள் டேக்வாண்டோச் சங்கத்தின் அணியில் ஓர் இடம் காலியானது. அதற்கு நானும் அவனும் மோத வேண்டும். தெரிவாகிறவனுக்காக, 'இவர் எங்களுக்குத் தேவையானவர்' என்று வெளிநாட்டவரைப் பார்க்கும் பொலிஸுக்குக் கடிதம் எழுதுவதாகச் சங்கத் தலைவர் சொல்லியிருந்தார். அந்த வாரம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் வழக்கம்போல வேலைக்குப் போனோம். சோறு சமைத்தோம், சாப்பிட்டோம், படுத்தோம்.

அந்தக் காலக் கவசத்துக்கு முதுகுப் பக்கம் கயிறு. தன்னுடையதைத் தானே கட்ட முடியாது. என்னுடையதை யோகன்தான் கட்டிவிட்டான்.

"இறுக்கமோ?"

"ஓம், காணும்."

கடைசி நிமிடம்வரை சமம். அவனுடைய உதை என் விலாவில் விழுந்தது. குனிந்தான். என் விலாவைத் தொட்ட கை கண்ணுக்குப் போனது. தலை என் கால் எட்டுகிற உயரத்தில் இருந்தது. தெரிந்துதான் உதைத்தேன். ஒரு வாரமாக அந்த ஒரு நொடியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நடுவர் கொரிய மொழியில் பத்துவரை எண்ணி முடித்தார், யோகன் எழும்பவில்லை.

பிறகு சுவரோரம் இருந்து முகத்தில் பனிக்கட்டி வைத்துக்கொண்டு சிரித்தான். "நல்ல அடி மச்சான். முகத்திலையெல்லோ பட்டது, தொட்டுக் கும்பிட மாட்டியோ?" பகிடிக்குத்தான் கேட்டான். தலைவர் எனக்குக் கைகொடுக்க வந்துகொண்டிருந்தார்.

"பிறகு பாப்பம்" என்றேன்.

எனக்கு இருக்க அனுமதி கிடைத்தது. அவனுக்கு மறுப்பு வந்தது, திருப்பி அனுப்பிவிட்டார்கள். தலைவர் எனக்காக எழுதிய கடிதத்தாலா என்று தெரியாது. கேட்கும் துணிவு எனக்கு வரவேயில்லை. கொழும்பிலிருந்து ஒரே ஒரு கடிதம் போட்டான், அணி வென்றதா என்று கேட்டு. ஆறு மாதம் கழித்து அவன் அம்மா எழுதினார்: "தம்பி, யோகன் திரும்ப உங்கை வந்திட்டானோ? இஞ்சை ஒருத்தருக்கும் தெரியேல்லை." நான் பதில் போடவில்லை. என்னத்தை எழுதுவது?

ஊஸ்டரில் பேத்தி வென்றுவிட்டாள். ஓடிவந்து பக்கத்தில் பொத்தென்று இருந்தபோது அவள் கால் என் முழங்காலில் பட்டது. "எக்ஸ்கூசி, அம்மப்பா" என்று வாயால் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பாண் துண்டைக் கடித்தாள். தொட்டுக் கும்பிட நான் அவளுக்குப் பழக்கவில்லை; என் மகளுக்கும் பழக்கவில்லை. எந்த முகத்தோடு பழக்குவது? பிறகு பாப்பம் என்று சொன்னவன் நான். எனக்குத் தலையும் நரைத்துவிட்டது. நான் தொடவேண்டிய முகம் எந்த மண்ணில் கிடக்கிறதென்று சொல்ல இன்றுவரை ஒருவருமில்லை.