மூடப்படாத முயல்

திண்டிவனத்தில் என் நூலறையின் மூலையில் கண்ணாடிப் பெட்டி ஒன்று வெறுமையாக இருக்கிறது. அடிப்பலகை இல்லாத, மேலிருந்து கவிழ்த்து மூடும் பெட்டி. அதற்குள் எதையும் வைக்க மனம் வரவில்லை. பிறருக்குக் கொடுத்துவிடவும் இயலவில்லை. படிக்க அமரும்போதெல்லாம் கண் அதன் பக்கமே போகிறது.

அதனைச் செய்வித்தவர் என் தங்கையின் கணவர். விழுப்புரத்தில் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுவதும் குப்பிகளில் மருந்து நீரில் வெளிறி மிதக்கும் உயிர்களையே மாணவர்க்குக் காட்டி வந்த அவருக்கு, நிறம் மாறாமல் தன் காலில் நிற்கும் ஒன்றையேனும் தம் கையால் தோல் பதனிட்டுப் பாடம் செய்துவிட வேண்டும் என்னும் வேட்கை நெடுநாள் இருந்தது. தங்கை வளர்த்த வெள்ளை முயல் மூப்பினால் இறந்த அன்று, தயங்கித் தயங்கி அதனைக் கேட்டார். அவள் அழுது ஓய்ந்தபின், "செய்ங்க. ஆனா எனக்குப் பாக்க சகிக்கலன்னா பொதைச்சிடணும்" என்று சொல்லிக் கொடுத்தாள்.

தோல் உலர்ந்து இறுதி வேலை நடந்த நாளில் நானும் அங்கிருந்தேன். காதுகள் சுருங்காதிருக்கப் பொருத்தியிருந்த அட்டைகளை ஊசி ஊசியாகக் கழற்றினார். இமைக்கும் கண்ணாடி விழிக்கும் இடையே தெரிந்த பிளவை மெழுகால் அடைத்தார். காதின் உட்புறத்திற்கு இளஞ்சிவப்பை நீர்க்கக் கரைத்துப் பூசினார். பழைய பல்துலக்கியால் மயிரை அது வளர்ந்த போக்கிலேயே வாரினார். மூக்கு ஈரமாய்த் தோன்றட்டும் என்று மெருகெண்ணெய் தொட்டவர், புதியவர்க்கே உரிய ஆர்வத்தில் மிகுதியாகத் தொட்டுவிட்டார். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த தங்கை, "இன்னாங்க, அதுக்கு சளியா? மூக்கு ஒழுகிக்கினு கீது!" என்றாள். அவர் பஞ்சால் ஒற்றி ஒற்றி மினுமினுப்பைத் தணித்தார்.

பிறகு இடம் தேடும் படலம். சன்னலோரம் வைத்தால் வெயிலில் மயிர் மஞ்சளிக்கும். அடுக்களைச் சுவரை ஒட்டினால் ஈரம் ஏறும். எங்கு வைத்தாலும் தங்கையின் முகம் திரும்பியே இருந்தது. "உசுரோட இருந்தப்போ ஒரு நொடி சும்மா இருந்துச்சா? இப்ப பாரு, கல்லு மாதிரி" என்றாள். அவர் அதனைக் கூடத்து மேசையில் வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கி வந்தார். அப்போது நின்றிருந்த மின்சாரம் வந்தது. மின்விசிறி சுழல, முயலின் பிடரி மயிர் மெல்ல அலைந்தது. தங்கை அருகில் வந்து குனிந்தாள்.

"பொட்டி வாணாங்க."

"தூசி படியும், பூச்சி அரிக்கும். கொஞ்ச வருசத்துல மொட்டையாயிடும்மா."

"ஆவட்டும். மூடிட்டா அது உங்க பள்ளிக்கூடத்துக் குப்பிதான்."

அவர் பெட்டியை இறக்கி வைத்து, முயலின் பிடரியை ஒருமுறை நீவினார். தம் வாழ்நாளில் முடித்த முதல் படைப்பு அது; மூடாவிட்டால் அழியும் என்பதை அங்கிருந்தவருள் நன்கறிந்தவர் அவரே. என்னிடம் திரும்பி, "மச்சான், இத நீங்க எடுத்துக்கினு போயிடுங்க. கண்ணெதிர்ல இருந்தா எனக்குக் கை சும்மா இருக்காது" என்றார்.

அவர் மறைந்துவிட்டார். சென்ற மாதம் விழுப்புரம் போயிருந்தேன். முயலின் ஒரு காதோரத்தைப் பூச்சி தின்றிருந்தது. முதுகில் தோல் தெரிந்தது. தங்கை அவருடைய பல்துலக்கியால் அதனை வாரிக்கொண்டிருந்தாள். வாரும்தோறும் மயிர் உதிர்ந்தது. "பெட்டிய எடுத்துக்கினு வரட்டுமாம்மா?" என்றேன். வாரிய கை நின்றது.

"அவுரு போனதுலேர்ந்து நானும் அதத்தான் நெனைச்சிக்கினு கீறேன். நானே கேட்டாலும் குடுத்துடாதண்ணா."

இன்று காலை பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. தங்கையின் பெயர். எடுத்துப் பேசுவதற்கு முன், தோளிலிருந்த துண்டை உருவிப் பெட்டியின்மேல் போர்த்தினேன்.