ஒரே பீஸில் தைத்த ஆறு சட்டைகள்

போன ஞாயிற்றுக்கிழமை, என் வாழ்க்கையிலேயே நான் எடுத்த மிக நல்ல படம் அழிந்துபோனது.

அலட்டலுக்காகச் சொல்லவில்லை... சரி, கொஞ்சம் அலட்டல்தான். பன்னிரண்டு வருடமாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். வாராவாரம் இந்தப் பத்தியின் தலையில் வரும் படமும் நான் எடுப்பதுதான். எது நல்ல படம், எது சுமார் என்று எனக்குத் தெரியாதா?

தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் அவர்களுடைய நண்பர்களும் ஹைதராபாத்தில் நடத்தும் ப்ரைட் ஊர்வலம் அது. நான் போவது ஐந்தாவது முறை. முதல் தடவை, தப்பான கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டவள் மாதிரி ஓரமாக நின்றேன். இப்போது தண்ணீர் பாட்டில் கொடுக்கிறவர் முதல் டப்பு மேளம் அடிக்கிறவர் வரை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மாதாப்பூர் சாஃப்ட்வேர் ஆட்கள் கழுத்தில் ஆபீஸ் டேக் இல்லாமல் ஆடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும்.

இந்த ஊர்வலத்துக்கு ஒரு விதி உண்டு. தங்களைப் படம் எடுக்க வேண்டாம் என்பவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் ரிப்பன் கட்டிக்கொள்வார்கள். கேமராவோடு வருகிற எல்லோரிடமும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவார்கள் — மஞ்சள் இருந்தால் ஃபோட்டோ நக்கோ.

டப்புச் சத்தம் உச்சத்துக்குப் போன நேரம். கூட்டத்தின் நடுவில் ஒருவர். முப்பது வயதிருக்கும். நீலக் கட்டம் போட்ட சட்டை. இரண்டு கைகளையும் தூக்கி, கண்ணை மூடி, வாய் கொள்ளாமல் சிரித்தபடி ஆடிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து சாயங்கால வெயில். அமுக்கிவிட்டேன்.

ரிப்பனைப் பார்க்கவில்லை என்று உங்களிடம் சொல்லிவிடலாம். பார்த்தேன். தூக்கிய கையில் அந்த மஞ்சள் இருந்ததுதானே படத்துக்கே அழகு? முகத்தை அப்புறம் மங்கலாக்கிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்த மாதிரி சமாதானங்களில் நான் கெட்டிக்காரி.

முடிந்ததும் பக்கத்து இரானி ஹோட்டலில் டீ. படத்தை ஸ்க்ரீனில் பெரிதாக்கி ரசித்துக்கொண்டிருக்கிறேன்... எதிர் நாற்காலியில் நீலக் கட்டம் வந்து உட்கார்ந்தது. தமிழ்ப் பத்திரிகையில் எழுதுகிறவர்தானே நீங்கள் என்று கேட்டார். அவருக்கு வீடு மெட்டுகுடாவில். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ் ரயில்வே குடும்பம். அவருடைய அம்மா என் பத்தியை ஒரு வாரம்கூட விடாமல் படிப்பாராம்.

டீயைக் கீழே வைத்தேன். முகம் தெரியாமல் செய்துவிடுகிறேன் என்றேன்.

“ஹவ், ஆமாக்கா, முகத்தை மறைச்சிடலாம். சட்டையை என்ன பண்ணுவீங்க?”

தீபாவளிக்கு அம்மா ஒரே பீஸாகத் துணி எடுத்து அப்பா, இரண்டு பிள்ளைகள், மாப்பிள்ளை, பேரன்கள் என்று ஆறு பேருக்கும் தைக்கக் கொடுத்திருக்கிறார். நம் வீடுகளில் நடக்காததா? ஆறு பேரும் வரிசையாக நிற்கிற படம் அவர்கள் இருக்கும் ரயில்வே குவார்ட்டர்ஸில் எல்லோருடைய போனிலும் இருக்கிறது. இவருக்கு அதுதான் ராசியான சட்டை. ராசி பார்த்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இவர் யார், என்ன என்று வீட்டில் இன்னும் ஒருவருக்கும் தெரியாது.

நான் அத்தோடு விட்டேனா? கறுப்பு வெள்ளையாக மாற்றட்டுமா, கட்டத்தை அழித்துவிடட்டுமா என்று பேரம் பேசினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் கோபப்படவில்லை.

“அம்மாகிட்ட சொல்லத்தான்க்கா போறேன். ஆனா அதை நான் சொல்லணும். உங்க ஃபோட்டோ சொல்லக் கூடாது.”

கேமராவை அவர் கையில் கொடுத்தேன். வாங்கியவர் உடனே அழிக்கவில்லை. டீ ஆறுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நல்லாத்தான் ஆடறேன், இல்ல?” என்று கேட்டுவிட்டு அவரே பட்டனை அழுத்தினார்.

துணிச்சலான படங்கள் எடுக்கிறவள் என்று ஐந்து வருடமாக எனக்கு ஒரு மிதப்பு. துணிச்சல் முழுக்க அவர்களுடையது. என்னுடையது லென்ஸ் மட்டும்தான். அடுத்த முறையும் கண்டிப்பாகப் போவேன். மஞ்சளைக் கண்டால் கேமராவை இறக்கிவிட்டு, நானும் நாலு ஸ்டெப் ஆடிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

ஆக, இந்த வாரம் பத்தியின் தலையில் படம் ஏன் இல்லை என்று போன் போட்டுக் கேட்காதீர்கள்.

ஆமாம், இதற்குள் தீபாவளிப் படங்களைத் தேடக் கிளம்பிவிட்ட மெட்டுகுடா வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, ஊர், உறவு, நிறம், பண்டிகை எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

அந்தச் சிரிப்பை மட்டும் மாற்றவில்லை.