ஜெரால்டு அண்ணன் விட்டுப்போன குடுவைச் செடி

பள்ளங்கியில் எங்களுக்குப் பக்கத்து வீடு கேத்தரின் அக்கா. கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் படுக்கை விரிக்கிற வேலை. வெள்ளனே போனால் இருட்டித்தான் வருவார். வந்ததும் அடுப்பைக்கூடப் பார்க்க மாட்டார், சன்னலில் தொங்கும் குடுவைச் செடியைத்தான் பார்ப்பார். அதன் இலை நுனிகளில் சின்னச் சின்னக் குடுவைகள் தொங்கும். உள்ளே விழுகிற ஈயும் எறும்பும்தான் அதற்குச் சாப்பாடு. எங்கள் தெருவில் வேலைக்குப் போகாமல் கறி தின்பது நானும் அதுவும்தான்.

நாற்றுப்பண்ணையில் தேறாது என்று தூக்கிப் போட்டதை, அங்கே வேலை செய்த அவர் புருஷன் ஜெரால்டு அண்ணன் எடுத்து வந்து தேற்றினார். போன வருஷம் மலைப்பாதையில் வேன் கவிழ்ந்து அண்ணன் போய்விட்டார். பிள்ளையும் இல்லை. அண்ணன் சொல்லிவிட்டுப் போனதை அக்கா வேதமாகப் பிடித்துக்கொண்டார்: உரம் கூடாது, குழாய்த் தண்ணீர் கூடாது, மழைத் தண்ணீர் மட்டும்.

இந்த 2003இல் மழை ஏமாற்றிவிட்டது. ஈஸ்டருக்குள் மழைத் தண்ணீர் டிரம் காய்ந்தது. குழாய்த் தண்ணீரைவிடச் சுத்தமானது எது என்று அக்கா யோசித்தார். மாதா கோவிலில் மந்திரித்த தீர்த்தம்! பாட்டிலில் பிடித்து வந்து தினமும் ஊற்றினார்.

"அக்கா, சாமியார் அதுல உப்புப் போட்டுல்ல மந்திரிக்கிறாரு? செடிக்கு ஆகுமா?"

"ஏலே, அது மந்திரிச்ச உப்பு. உன்ன மாதிரி பேயத்தான் வெரட்டும். சோலியப் பாத்துட்டுப் போ."

குடுவைகள் கருகின. பிறகு இலைகள், பிறகு தண்டு. அக்கா யாரையும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மணி அடித்தும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"கோவிலுக்குப் போகலயாக்கா?"

"தீர்த்தம் ஊத்தியே கருகுதுன்னா என் கைதான்லே ஆகாத கை. வேன் கவுந்த அன்னைக்கு அவரு மேலுக்குச் சரியில்லன்னு படுத்துக் கெடந்தாரு. வேலைக்குப் போங்கன்னு எழுப்பி விட்டதும் இந்தக் கைதான்."

உப்புதான் காரணம் என்று நான் சொன்னாலும், அதை ஊற்றியது அந்தக் கைதான் என்று ஆகும்.

"தீர்த்தமும் இல்ல, உன் கையும் இல்லக்கா. நாந்தான் சோப்புத் தண்ணி ஊத்துனேன். சும்மா, விளையாட்டுக்கு."

நான் ஊற்றவில்லை. ஆனால் என்னைப் பற்றி இப்படி ஒன்றை நம்ப எங்கள் தெருவில் யாரும் சாட்சி கேட்பதில்லை.

"பாவி! விளையாட ஒனக்கு அதுதானாலே கெடச்சுச்சு?" துடைப்பத்தை எடுத்து விளாசினார். அடித்துக்கொண்டே அழுதார். அண்ணனை அடக்கம் செய்த அன்றுகூட அப்படி அழவில்லை.

அடுத்த ஞாயிறு முதல் கோவிலுக்குப் போகிறார். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கருகிய தண்டோடு தொட்டி இன்னும் சன்னலில் தொங்குகிறது. கழற்றித் தரட்டுமா என்று கேட்கிற இடத்தில் நான் இல்லை.