சுருட்டுப் பிடிக்கும் கல்

வீரபாண்டி தாண்டி பஸ் பஞ்சராகி நிற்கிறது. உச்சி வெயில். சாலையோரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். அதில் உட்காரப் போகிறேன்.

"ஏனுங்க, அதுல உக்காராதீங்க! அது தொரைசாமிங்க!" என்று கத்துகிறாள் ஒரு பெண்.

வெள்ளைக்காரன் நிலம் அளக்க நட்ட கல்லாம். இன்றும் இதிலிருந்துதான் அளக்கிறார்களாம். அவள் கிணறு தன் நிலத்தில் இருக்கிறது என்கிறாராம் பக்கத்துச் சாயப்பட்டறைக்காரர். அளந்து பார்க்க இன்று சர்வேயர் வருகிறார். அவள் சுருட்டைப் பற்றவைத்துக் கல்லின் மேல் வைக்கிறாள்.

எனக்குக் கோபம் வருகிறது. "வெள்ளைக்காரன் போய் நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சும்மா!"

"போயிட்டாருன்னு ஆருங்க சொன்னது?"

சர்வேயர் வருகிறார். நம் சர்க்காரிடம் சம்பளம் வாங்குகிறவர். செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லிடம், "பர்மிஷன் சார்" என்கிறார். காற்றே இல்லை. யாரோ இழுப்பதுபோல் சுருட்டின் நுனி சிவந்து அடங்குகிறது.

சங்கிலி பிடித்து அளக்கிறார்கள். கிணறு பட்டறைக்காரருக்குப் போகிறது.

அவள் சர்வேயரைத் திட்டவில்லை. கல்லிடம் கேட்கிறாள்: "உங்களுக்கு என்னங்க தொரை கொற வெச்சோம்?"

சுருட்டைத் தட்டிவிடப் போகிறேன். வெறும் சாம்பல்தான் இருக்கிறது. முழுசாகக் குடித்து முடித்துவிட்டான்.