எதிரே பஸ் வராத வளைவுகள்

சென்ற ஆண்டு ஆனி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகும் சாலையில் ஒரு ஜவ்வரிசி மில். எங்கள் பக்கத்தில் சேகோ மில் என்பார்கள். மரவள்ளி வரத்து நின்று, அரவை ஓய்ந்து, மாவு காயவைக்கும் சிமெண்டுக் களம் மட்டும் வெயிலை வாங்கிக்கொண்டு வெறுமனே கிடந்தது. கண் கூசும் வெள்ளை. காற்று திரும்பினால் பழைய மாவின் புளித்த வாசம். அந்தக் களத்துக்கு நான் என் காரை விற்கப் போனேன்.

நான் கால்நடை மருத்துவர். வயது ஐம்பதை எட்டிப் பார்க்கிறது. கல்வராயன் மலை ஊர்களுக்கு ஜீப்பை நானே ஓட்டிக்கொண்டு போய் மாடு பார்த்து வருவது பல வருடப் பழக்கம். ஓரிடத்தில் நிற்கத் தெரியாத கால் எனக்கு. பிள்ளைகள் படித்து வெளியூர் போனதும் வீட்டின் அறைகள் எல்லாம் திடீரென்று நீளமாகிவிட்டன. மனசுக்குள் ஒரு குடைச்சல். பெங்களூரில் ஒருவர் கைமாற்றிவிட்ட சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவிட்டேன். இரண்டே சீட். தரையோடு தரையாகத் தவழும். நம் ஊர் வேகத்தடைகளை நண்டு மாதிரி சாய்வாக ஏறித்தான் கடக்கவேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தினால் கூட்டம் கூடிவிடும். "இன்னாங்க டாக்டரம்மா, வண்டி பாதி பூமிக்குள்ள பூந்துகினு கீது?" என்று ஒரு ஷேர் ஆட்டோக்காரர் நிஜமான கவலையோடு கேட்டார். என் வீட்டுக்காரருக்கு அதில் ஏறுவது ஒரு வேலை என்றால் இறங்குவது இரண்டு வேலை. வயிறு ஸ்டீயரிங்கில் இடிக்கும். அவர் அதை ஓட்டியதே இல்லை.

அந்தக் காரை எடுத்துக்கொண்டு சென்னைப் பக்கம் ஒரு ரேஸ் மைதானத்துக்கு 'ட்ராக் டே'க்குப் போனேன். மைதானத்தை ஒரு நாளைக்கு வாடகைக்கு விடுவார்கள். என்னைப் போன்ற ஆசைக்காரர்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து பந்தயப் பாதையில் சுற்றிச் சுற்றி ஓட்டலாம். ஒரே நேரத்தில் பல கார்கள். நேர்ப்பாதையில் மிதித்தபோது உடம்பு பின்னால் தங்கி, உயிர் மட்டும் முன்னால் போனது போல இருந்தது. அவ்வளவு பெரிய சந்தோஷத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

பிற்பகலில் ஒரு வளைவுக்கு முன்னால் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ஒரு கறுப்புக் கார் பெரிதாகிக்கொண்டே வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். பிரேக்கை நினைத்தபோது நேரம் கடந்திருந்தது. கார் தட்டாமாலை சுற்றி, வந்த திசையையே பார்த்தபடி பாதை நடுவில் நின்றது. எதிரே கார்கள். ஆபத்து என்று மஞ்சள் கொடி அசைந்தது. எல்லோரும் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போனார்கள். யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் என்ஜின் அணைந்த அந்தச் சில நொடிகளின் நிசப்தம் என்னோடு ஊருக்கு வந்துவிட்டது.

வந்தது சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரம் மலை மேலே கன்று ஈன முடியாமல் ஒரு பசு தவிப்பதாக வெள்ளிமலைப் பக்கமிருந்து போன். கச்சிராயபாளையம் தாண்டி ஜீப் மலை ஏறியது. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே கை விறைத்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டும் திரும்பக்கூடிய வளைவு அது. ஓரமாக நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த பால் வண்டிக்காரர் இறங்கி வந்தார். தன் வண்டியை உடன் வந்தவரிடம் கொடுத்துவிட்டு என் ஜீப்பில் ஏறி ஓட்டிவந்தார். பசு பிழைத்தது. கன்றும் பிழைத்தது. அதற்குப் பிறகு மலைக்குப் போகும்போதெல்லாம் யாரையாவது டிரைவராகக் கூட்டிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே போவேன். மலை ஊர்களை வேறு டாக்டருக்கு விட்டுவிட்டு, கீழேயே ஏதாவது ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்கலாமா என்றுகூட யோசிக்க ஆரம்பித்தேன். எல்லாவற்றுக்கும் காரணம் அந்தச் சிவப்புக் கார் என்று பட்டது. விற்றுவிடுவோம் என்றேன். வீட்டுக்காரர் சேலத்தில் ஒருவரிடம் பேசி முடித்தார்.

அந்தச் சேலத்துக்காரரும் கார் பைத்தியம். அவருடைய கிளப்காரர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை சேகோ களத்தில் 'ஆட்டோகிராஸ்' வைத்திருந்தார்கள். களம் முழுக்க ஆரஞ்சு நிறக் கோன்களை நட்டு, வளைந்து வளைந்து போகும் ஒரு பாதை. ஒரு நேரத்தில் ஒரே கார். ஒரு நிமிட வேலை. கோனைத் தட்டினால் நேரத்தோடு அபராத நொடிகள் சேரும். ஆளுக்கு மூன்று ஓட்டம், அதில் சிறந்தது கணக்கு. "அங்கயே வந்துருங்க, பார்த்துட்டு எடுத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார். நான் மாட்டு வண்டி வேகத்தில் காரை ஓட்டிப் போனேன். என்னைத் திரும்பக் கூட்டிப்போக வீட்டுக்காரர் ஜீப்பில் பின்னால் வந்தார்.

காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த சேலத்துக்காரர், "மேடம், நீங்களே ஒரு ரன் ஓட்டிக் காட்டுங்களேன். வெளியில நின்னு பார்த்தாத்தான் வண்டி எப்படித் திரும்புதுன்னு தெரியும்" என்றார்.

"அவங்க இப்பல்லாம் ஓட்றதில்லீங்க" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு ஆதரவாகத்தான் சொன்னார். ஆனால் அதை இன்னொருவர் வாயால், அதுவும் பொதுவில் கேட்டபோது சுருக்கென்றது. யாரோ நீட்டிய ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டேன். பெயரை எழுதிக்கொண்டார்கள்.

கொடி இறங்கியது. கிளம்பினேன். முதல் திருப்பம் வலது பக்கம், கொண்டை ஊசி போலவே இறுக்கமாக. திரும்பும்போது பாம்ம்ம் என்று ஒரு சத்தம். யார் ஹாரன் அடிப்பது என்று ஒரு கணம் திகைத்தேன். நான்தான். அடுத்த திருப்பம், மறுபடியும் பாம். எங்கள் மலையில் ஹாரன் அடிக்காமல் வளைவில் நுழைபவன் மனுஷனே இல்லை. மேலிருந்து பஸ் இறங்கும், மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர் இறங்கும். இத்தனை வருடங்களில் உள்ளங்கைக்கு அது மூச்சு மாதிரி ஆகிவிட்டது. ஆளில்லாத களத்தில், பிளாஸ்டிக் கோன்களுக்கு நடுவே, நான் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஹாரன் அடித்துக்கொண்டு போனேன்.

குடோன் நிழலில் உட்கார்ந்திருந்த மில் பெண்கள் சிரித்த சிரிப்பு ஹெல்மெட்டுக்குள் கேட்டது. மில் முதலாளியின் மாடுகளுக்கு நான்தான் வைத்தியம், அந்த உரிமையில் அவர் கத்தினார்: "டாக்டரம்மா, எதுத்தாப்புல பஸ்ஸு வருதா இன்னா?"

முடித்து நிறுத்தியதும் வீட்டுக்காரர் ஜன்னலில் குனிந்தார். "இன்னாத்துக்கு ஆரன் அட்ச்சிகினே போற? அங்க யாரு கீறாங்க?"

"எனக்கே தெர்லீங்க. கை அதுவா போவுது."

நேரம் பார்த்தால் நான்காவது இடம். நம்பமுடியவில்லை. ஆனால் அந்தச் சிரிப்புதான் காதில் நின்றது. இரண்டாவது ஓட்டத்தில் ஹாரனைத் தொடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தேன். கோன்களை இடிக்கக்கூடாதே என்று ஒவ்வொரு கோனாகப் பார்த்துக்கொண்டு போனேன். பார்த்த கோனையெல்லாம் இடித்தேன். கடைசியாக ஒன்று காருக்கு அடியில் மாட்டிக்கொண்டு கறகறவென்று இழுபட, வண்டி நின்றது. என்ஜின் அணைந்தது. அதே நிசப்தம். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தால் எதிரே எந்தக் காரும் வரவில்லை. வரவும் முடியாது. வெள்ளைக் களம், வெயில், குப்புற விழுந்த நாலைந்து கோன்கள். மில் முதலாளி படுத்துக் கையை விட்டு அடியிலிருந்த கோனை இழுத்தார். தூக்கிக் காட்டி, "ஆபரேசன் முட்ஞ்சிச்சுங்க. தாயும் கன்னும் சௌக்கியம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நிசப்தத்துக்குள் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது முறைக்குக் காத்திருந்தபோது யோசித்தேன். ட்ராக்கில் என் கண் கண்ணாடியில், முதுகுக்குப் பின்னால் இருந்தது. இப்போது கண் பம்பருக்குப் பக்கத்துக் கோனில் இருந்தது. மலையில் மட்டும் அது எங்கே இருந்தது? ஹாரனை அழுத்தும்போது நான் இந்த வளைவில் இருக்கும் யாருக்கும் அடிக்கவில்லை. அந்தப் பக்கம், இன்னும் கண்ணில் படாத இடத்தில் வருபவருக்கு அடிக்கிறேன். சத்தம் போகும் இடத்துக்குக் கண்ணும் முன்கூட்டியே போய்விடுகிறது. கை ஹாரன் அடித்தால்தான் என் கண் திரும்புகிறது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

கொடி இறங்கியது. உள்ளங்கையை அவிழ்த்துவிட்டேன். பாம். வலது. பாம். இடது. கோன்கள் இருந்த இடத்தில் எனக்குப் பாறை தெரிந்தது, பள்ளம் தெரிந்தது, கடுக்காய் மரம் தெரிந்தது, மரத்துக்கு அப்பால் அடுத்த திருப்பம் தெரிந்தது. டயர் கீச்சிட்டது. பின்பக்கம் லேசாக வழுக்கி, கூப்பிட்டதும் வரும் கன்றுக்குட்டி போலத் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. என் கை, என் கார், என் மலை மூன்றும் அந்த வெள்ளைச் சிமெண்டில் ஒன்றாக ஓடின. கடைசிக் கோன் வாசலைக் கடந்தபோது எதையும் தொடவில்லை என்று எனக்குத் தெரியும். வண்டி நின்ற பிறகும் ஒரு தடவை அடித்தேன். அது தேவைக்கு இல்லை, திமிருக்கு.

நேரம் குறித்த பெண் எழுந்து நின்றுவிட்டாள். முதலிடம். அதுவரை முதலிடத்தில் இருந்த சேலத்துக்காரருக்கு இன்னும் ஒரு ஓட்டம் பாக்கி. அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "ஹாரன் அடிச்சா பெனால்டி ஒண்ணும் இல்லீங்களா?" என்று பாதி விளையாட்டாகக் கேட்டார்.

"கோன் எதுவும் சத்தத்தக் கேட்டு ஒதுங்கிக்கலையே சார்" என்றாள் அவள்.

அவருடைய காருக்கு என்னுடையதைப் போல இரண்டு மடங்கு பலம். மின்னலாகக் கிளம்பினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கடைசித் திருப்பத்தில் பலம் கொஞ்சம் ஜாஸ்தியாகி ஒரு கோன் பறந்து போய் மில் பெண்களுக்கு முன்னால் விழுந்தது. அபராத நொடிகள் சேர்ந்ததில் முதலிடம் எனக்கே நின்றது. அந்தப் பெண்கள் கைதட்டினார்கள். பறந்த கோனுக்கா எனக்கா என்று அப்போது புரியவில்லை. ஒருத்தி எழுந்து, "எங்க டாக்டரம்மா" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்வது கேட்டது. பிறகு கையில் கொடுத்த கேடயத்தை விட அது கனம்.

சேலத்துக்காரர் இறங்கி வந்து கை கொடுத்தார். பிறகு தயங்கித் தயங்கி, "அப்போ வண்டி விஷயம்..." என்று இழுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"வண்டி விக்கறதுக்கு இல்லீங்க. வூட்டுக்கு வாங்க, சாப்ட்டுப் போலாம். கறிக்கொழம்பு."

சேலத்துக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். சாப்பிட்டுவிட்டு இன்னொரு கரண்டி குழம்பும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை டிரைவருக்குப் போன் செய்து வரவேண்டாம் என்றேன். தனியாக ஜீப்பை எடுத்தேன். கச்சிராயபாளையம் தாண்டி முதல் வளைவில் பழைய பயம் தலை காட்டியது, இல்லை என்று சொல்லமாட்டேன். அது தலையை நிமிர்த்துவதற்குள் நான் பாம் என்று அடித்துவிட்டு மூன்றாவது வளைவில் இருந்தேன். மேலே மேகம் இறங்கியிருந்தது, சாமை வயல் பச்சை பிடித்திருந்தது, யாரோ ஒருவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு எனக்காகச் சாலையோரம் காத்திருந்தார்.

இந்த வருடம் ட்ராக்குக்கும் ஒரு முறை போய்வந்தேன். வேகமானவர்களை மரியாதையாக முன்னே விட்டுவிட்டு என் பாட்டுக்குச் சுற்றினேன், சந்தோஷமாகவே இருந்தது. பயம் எங்கும் போய்விடவில்லை என்பதை மட்டும் இப்போது அறிவேன். அது எப்போதும் நான் நிற்கும் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது, பார்வையை அடுத்த வளைவுக்கு அனுப்பிவிட்டால் பாவம், அதுதான் தனியாகிவிடுகிறது.