ஆயுத பூசையன்று அனுப்பப்படாத பத்தொன்பதாவது நகர்வு

2025ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி, புதன்கிழமை, ஆயுத பூசையன்று இரவு, வியூகம் கணினிப் போர் விளையாட்டு மன்றத்தின் செயலாளர் திரு. இளமாறன், நான் ஆடிக்கொண்டிருந்த இறுதிப் போட்டியில் என்னைத் தோற்றவளாக அறிவித்தார் என்பது என் குற்றச்சாட்டு. நான் தோற்கவில்லை. என் முறைக்குரிய நகர்வை அன்று அனுப்பவில்லை, அவ்வளவே. அனுப்ப இயலாது என்பதை முன்கூட்டியே தெரிவித்து, சரி என்ற பதிலைக் காதால் கேட்ட பிறகே அனுப்பாமல் இருந்தேன்.

மன்றத்தின் ஆண்டு மலருக்காக, இறுதிப் போட்டியாளர் இருவரும் தத்தம் வாழ்க்கைக் குறிப்பை எழுதி அனுப்ப வேண்டும் என்று செப்டம்பரில் கேட்டிருந்தீர்கள். அந்தக் கடிதம் இன்னும் திரும்பப் பெறப்படவில்லை. ஆகவே எழுதுகிறேன். என் குறிப்பிலிருந்து என் குற்றச்சாட்டைப் பிரித்தெடுக்க முயன்றேன்; முடியவில்லை.

என் பெயர் ஹேமாவதி. காரைக்குடி கழனிவாசலில் குடியிருக்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கணவர் பாண்டீஸ்வரன் மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறார். நிலை, கதவு, பூசையறைக் கதவு ஆகியவை எங்கள் தொழில். 2016இல் கதவுகளில் பூவேலை செதுக்கும் கணினி இயந்திரம் ஒன்றை வாங்கினார். அதற்குப் படம் வரைந்து கொடுக்க வந்த பையன் ஆறு மாதத்தில் திருப்பூருக்கு வேறு வேலைக்குப் போய்விட்டான். இயந்திரம் துணி போர்த்திக்கொண்டு நின்றது. அந்த வரைபட மென்பொருளை நான் கற்றுக்கொண்டேன். சொல்லித்தர யாரும் இல்லை. திரையில் வந்த ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் பொருள் தேடி, பாழான வரைபடத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிவைத்தேன். அந்தத் தாள்கள் இன்றும் என்னிடம் உள்ளன. அன்றிலிருந்து எங்கள் பட்டறையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு கதவின் பூவும் என் கையால் வரையப்பட்டது. வாங்குகிறவர்கள் கணவரைத்தான் பாராட்டுவார்கள். அவரும் மறுத்துச் சொன்னதில்லை.

போர் விளையாட்டுக்கு நான் வந்தது தற்செயலாகத்தான். ஒரு வரைபடத்தை இயந்திரத்துக்கு அனுப்பிவிட்டால் அது செதுக்கி முடிக்கும்வரை அருகிலேயே இருக்க வேண்டும். உளி முறிந்தால் நிறுத்த ஆள் வேண்டுமே. எழுந்து போகவும் முடியாது, வேறு வேலை பார்க்கவும் முடியாது. அப்படிக் காத்திருந்த ஒரு பிற்பகலில்தான் இலவசமாகக் கிடைத்த ஒரு பழைய போர் விளையாட்டைத் தரவிறக்கினேன். கணினி வட்டில் இடம் போதவில்லை. கணவர் சேர்த்துவைத்திருந்த பாட்டுகளில் பாதியை அழித்தேன். இதை அவர் இன்றுவரை அறியார். மலரில் வந்தால் அறிந்துகொள்ளட்டும்.

நிறுவி முடித்ததும் விளையாட்டு திறக்கவில்லை. திரை கறுத்தது, பிறகு ஒரு கோப்பைக் காணவில்லை என்றது. அந்தக் கோப்போ கண்ணெதிரே இருந்தது. அழித்து மறுபடி நிறுவினேன். திரையட்டைக்கான மென்பொருளைப் புதுப்பித்தேன். மூன்று வாரம் இதே கதை. பிறகுதான் புரிந்தது. நான் அதை ‘பூசையறைக் கதவு’ என்று தமிழில் பெயரிட்ட கோப்புறைக்குள் வைத்திருந்தேன். அந்தப் பழைய நிரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாததால் அது தன் வீட்டு வாசலையே அடையாளம் காணாமல் திகைத்திருக்கிறது. கோப்புறையின் பெயரை ஆங்கிலத்தில் மாற்றியதும் திறந்துகொண்டது. அறுகோணக் கட்டங்களாகப் பிரிந்த ஒரு நிலம். நடுவே ஓர் ஆறு. இக்கரையில் என்னுடைய ஒன்பது படைப்பிரிவுகள். அன்று இயந்திரத்தில் ஓடிய பலகை முழுவதும் கோணிப்போனது. நான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

இந்த விளையாட்டில் எனக்கு என்ன இன்பம் என்று மலரின் கேள்வித்தாள் கேட்கிறது. சுடுவதில் இன்பம் இல்லை. மேட்டில் நிற்பவனுக்கு எவ்வளவு தூரம் தெரியும், தோப்புக்குள் நிற்பவன் யார் கண்ணுக்குத் தெரியமாட்டான், சோறும் குண்டும் எந்தப் பாதையில் வந்து சேரும் என்று கணக்கிடுவதில் இருக்கிறது. என் ஆட்கள் குறைவாகச் சாகவேண்டும் என்பது என் முறை. ஆகையால் அதிகம் பின்வாங்குவேன். மன்றத்தில் என்னைப் ‘பின்வாங்கி அக்கா’ என்று அழைப்பதை அறிவேன். இன்னொன்றும் உண்டு. மின்னஞ்சல் ஆட்டத்தில் நான் என் நகர்வை முடித்து, கடவுச்சொல்லால் பூட்டி அனுப்பும்வரை எதிராளி காத்திருக்க வேண்டும். என் முடிவுக்காக ஒருவர் ஒரு நாள் முழுவதும் காத்திருப்பது என் வாழ்க்கையில் வேறெங்கும் நடந்ததில்லை.

இனி ஆயுத பூசைக்கு வருகிறேன். எங்களுடையது தச்சர் குடும்பம். பூசைக்கு முந்தின நாள் மாலையே உளி, இழைப்புளி, வாள், துளைக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டுவிடுவோம். விஜயதசமி காலை மறுபூசை முடியும்வரை யாரும் தொடமாட்டோம். படம் வரையத் தொடங்கிய முதல் ஆண்டு, என் கணினியையும் அந்த வரிசையில் வைக்கவேண்டும் என்றேன்.

“அது டிவிப் பொட்டி மாதிரிதானே ஹேமா, அது எதுக்கு?” என்றார் கணவர்.

“டிவி பாத்தா கதவுல பூ வருதா? உங்க உளி போன மாசம் எத்தன கதவு செதுக்குச்சு, எம்பொட்டி எத்தன செதுக்குச்சு, நீங்களே சொல்லுங்க” என்றேன்.

அவர் உளிகளை ஒரு சாண் நகர்த்தி இடம் விட்டார். அன்றுமுதல் ஆண்டுதோறும் அது அங்கே அமர்கிறது.

இந்த ஆண்டு இறுதிப் போட்டி பூசை நாளில் குறுக்கிட்டது. எதிராளி தேவகோட்டையைச் சேர்ந்த திரு. சேதுபதி. நகர்வு ஒன்றுக்கு ஒரு நாள் கெடு. பூசைக்கு மூன்று நாள் முன்னதாகவே செயலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அவர் தொலைபேசியில் அழைத்தார்.

“சரி மேடம், பூஜை முடிச்சிட்டு அனுப்புங்க. அந்த நாள்ல யார் ஆடப்போறாங்க?”

“இத ஒரு வரி மெயில்ல போட்டுருங்க சார்.”

“நான்தான் சொல்றேன்ல மேடம். என்ன இவ்வளவு சந்தேகம்!”

அதற்குமேல் வற்புறுத்தக் கூச்சமாக இருந்தது. வாய்ச்சொல்லை நம்பினேன். மளிகைக் கடைச் சீட்டைக்கூடக் கிழித்துப்போடாத நான் செய்த பிழை இது.

பூசையன்று மாலை கணவருக்கே மனம் கேட்கவில்லை. “கெடு முடியப்போகுதுன்னியே. போய் ஆடிட்டு வந்துரு. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது.”

“உங்க உளிய எடுத்து ஒரு ஆப்பு சீவித் தாரீகளா?”

“அதெப்படி?”

“அப்ப எம்பொட்டிய மட்டும் எப்படி எடுக்கச் சொல்றீக?”

அவர் சிரித்துவிட்டார். “சரி, அந்த மவுசு எலிய மட்டும் வெளியில எடுத்துக்க. அதுக்கு நான் பொட்டு வைக்கல.”

நானும் சிரித்தேன். ஆனால் எடுக்கவில்லை. பட்டறைக் கருவிகள் எல்லாம் ஓய்ந்திருக்கும்போது என் கருவியை மட்டும் நான் எடுத்தால், அது விளையாட்டுச் சாமான்தான் என்று நானே ஒத்துக்கொண்டதாகும். உளிகளுக்கு நடுவே அந்த ஒரு சாண் இடத்தைக் கேட்டு வாங்கியவள் நான்.

விஜயதசமி காலை மறுபூசை முடிந்து கணினியைத் திறந்தபோது, ‘கெடு தவறியதால் தோல்வி’ என்ற அறிவிப்பு எனக்காகக் காத்திருந்தது. செயலாளரை அழைத்தேன். அவகாசம் எழுத்தில் தரப்பட்டால்தான் செல்லும் என்று விதி இருப்பதாகச் சொன்னார். நான் எழுத்தில் கேட்டதை நினைவூட்டினேன். “கேட்டீங்க மேடம், ஆனா நான் தரலையே. விளையாட்டுக்கெல்லாம் ஆயுத பூஜையான்னு கமிட்டில சிரிக்கிறாங்க” என்றார்.

அக்டோபர் இரண்டாவது வாரம் பேருந்து ஏறித் தேவகோட்டைக்குப் போனேன். சேதுபதி பள்ளியில் கணக்கு ஆசிரியர். வீட்டில் விவசாயமும் உண்டு. ஓராண்டாக மன்ற ஆட்டங்களில் மோதிக்கொண்டிருந்தாலும் நேரில் பார்த்தது அன்றுதான். வாசலில் நின்ற டிராக்டரின் நெற்றியில் பூசைச் சந்தனம் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.

“வாங்கக்கா, வாங்க. நீங்கதான் பின்வாங்கி அக்காவா? நான் பெரிய மீசையோட ஒரு ஆள எதிர்பார்த்தேன்” என்றார்.

“மீசைய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன் தம்பி. கெடு தவறுனதுல நீங்க செயிச்சதா எடுத்துக்கிட்டீகளா?”

அவர் முகம் வாடியது. “பூசைன்னு எனக்குத் தோணவே இல்லக்கா. நான் வண்டிக்குத்தான் பூசை போட்டேன், கம்ப்யூட்டருக்குப் போடல. அஞ்சு நகர்வா நீங்க பின்வாங்கிக்கிட்டே போனீக. சரி, அக்கா சலிச்சுப்போய் விட்டுட்டாகன்னு நெனச்சேன்.”

“நான் விடல.”

“அப்ப எதுக்குப் பின்வாங்குனீக? ஆத்தத் தாண்டி பாதி நெலம் என் கையில இருக்கு. ஆமா, அந்த ரெண்டு பீரங்கிப் பிரிவு எங்குட்டுப் போச்சு? நாலு நகர்வா என் கண்ணுலயே படல.”

“ஆட்டம் முடியட்டும் தம்பி, தன்னால தெரியும்.”

 சேதுபதி உள்ளே போய்த் தாளும் பேனாவும் கொண்டுவந்தார். ஆட்டத்தைத் தொடரத் தமக்கு ஆட்சேபணை இல்லை, இப்படி வந்த வெற்றி தமக்கு வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். அதன் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.

அந்தக் கடிதத்தை உடனே மன்றத்துக்கு அனுப்பினேன். அதற்கும் செயலாளர் தொலைபேசியில்தான் பதில் சொன்னார். “நிலவரப்படி நீங்க எப்படியும் தோத்திருப்பீங்க மேடம். தொடர்ந்து என்ன பிரயோஜனம்? ஜெயிக்க வழி இருக்குன்னா உங்க ஆட்டக் கோப்பும் பாஸ்வேர்டும் அனுப்புங்க, கமிட்டி பார்த்து முடிவு பண்ணும்.”

இதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. கடவுச்சொல்லைக் கொடுத்தால் என் படை எங்கே நிற்கிறது என்பது குழுவினர் மூவர் கண்ணிலும் படும். மன்ற விதிகளின் பதினோராவது பத்தியோ, ஒருவரின் மறைநிலவரம் வெளியானால் அந்த ஆட்டம் செல்லாது என்கிறது. திறந்து காட்டினால் ஆட்டம் செல்லாது, காட்டாவிட்டால் தோல்வி. இப்படி ஒரு முற்றுகையை எந்த எதிராளியும் எனக்குப் போட்டதில்லை. ஆட்டத்தை உண்டாக்கி நடத்துகிறவர்களே போட்டிருக்கிறீர்கள்.

ஆறு வாரமாக அந்த விளையாட்டைத் திறக்கவில்லை. இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு மரத்தூள் பறப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். “விட்டுரு ஹேமா, வேற ஆட்டமா இல்ல?” என்கிறார் கணவர். வேறு ஆட்டம் இருக்கிறது. நாற்பத்தாறு வயதில் மறுபடியும் முதல் சுற்றிலிருந்து தொடங்கும் தெம்புதான் இல்லை. இந்தக் கடிதத்தை எழுதவே பல பிற்பகல்கள் ஆயின.

அனுதாபத்தையோ விதிவிலக்கையோ நான் கேட்கவில்லை. பதினெட்டாம் நகர்வின் முடிவில் ஆட்டம் எந்த நிலையில் நின்றதோ அந்த நிலையிலேயே அதைத் திறந்து, என் முறையை எனக்குத் தாருங்கள். கோப்பையும் கடவுச்சொல்லையும் தரமாட்டேன். பீரங்கிகள் இருக்கும் இடத்தை இந்தக் கடிதத்திலும் சொல்லமாட்டேன். ஏனெனில் இதைத் திரு. சேதுபதியும் மலரில் படிக்கக்கூடும், ஆட்டம் இன்னும் முடியவில்லை. அதன் பிறகு நான் தோற்றால், அந்தத் தோல்வியில் நானே கையெழுத்திடுகிறேன்.

மறுப்பதானால், எந்த விதியின் எந்தப் பத்தியின்படி என்பதையும், செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி தொலைபேசியில் எனக்குச் சரி என்று சொன்னது உண்மையா இல்லையா என்பதையும், செயலாளரின் கையெழுத்துடன் தெரிவிக்க வேண்டும். தொலைபேசியில் அழைக்க வேண்டாம், எடுக்கமாட்டேன். 2025 டிசம்பர் பதினைந்தாம் தேதிக்குள் எழுத்து மூலமான பதிலைக் கோருகிறேன்.

ஹேமாவதி பாண்டீஸ்வரன்
கழனிவாசல், காரைக்குடி
21.11.2025